இரண்டாம் பந்திப் போளி

நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல் கணபதியப்பனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர் எழுதிய பிராதை முழுசாக வாசித்து முடித்த எதிர்க்கட்சி வக்கீல் ஒருவர், தலைசுற்றல் என்று வாய்தா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாராம். உண்மையா பொய்யா என்று யாரும் விசாரித்ததில்லை. கேட்டவர்கள் எல்லாரும் "இருக்கும்" என்றுதான் சொன்னார்கள்.

அதற்காக அவரை மோசமான வக்கீல் என்று சொல்லிவிட முடியாது. சட்டம் அத்துப்படி. கட்சிக்காரனை ஏமாற்றமாட்டார். வாங்குகிற பீஸுக்கு மேலேயே உழைப்பார். ஆனால் பேனாவைப் பிடித்தால் ஆள் மாறிவிடுவார். முற்றுப்புள்ளி வைத்தால் அந்தச் சந்துக்குள் எதிராளி புகுந்துவிடுவான் என்று மனுஷனுக்கு ஒரு பயம். அதனால் அவருடைய பிராது என்பது ஒரே ஒரு வாக்கியம். 'மேற்படி' என்று புறப்பட்டால், மேற்படி வாதியும் மேற்படி வாதியின் முன்னோரும் மேற்படி சொத்தும் அதன் நான்கெல்லையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வடசேரி பஸ்ஸில் ஓணத்துக்கு முந்தின நாள் ஏறிய கூட்டம்போல நெருக்கியடித்து, கடைசிப் பக்கத்தில் 'பிரார்த்திக்கிறார்' என்ற இடத்தில்தான் மூச்சுவிடும்.

இப்படிப்பட்டவருக்கு இணையத்தில் எழுதுகிற ஆசை வந்தது. கொரோனாவில் கோர்ட் பூட்டிக் கிடந்தபோது வந்த வியாதி அது. சிலருக்கு இருமல் வந்தது, இவருக்கு இது. ஜூனியராக இருக்கும் லிஜி, மார்த்தாண்டத்துப் பெண், வலைப்பூ ஒன்றை அவருக்குத் திறந்து கொடுத்தாள். அதற்கு அவர் வைத்த பெயர் 'உரிமையியல் வழக்குகளும் அவற்றின்பாற்பட்ட சில சிந்தனைகளும்'. முதல் வருஷம் பூராவும் வந்த ஒரே பின்னூட்டம், முடி உதிராமல் இருக்க எண்ணெய் விற்கிறவன் போட்டது. அதற்கும் கணபதியப்பன் நன்றி சொல்லி விரிவாகப் பதில் எழுதியிருந்தார்.

"சாரே, கோவப்படக்கூடாது. எனக்க அம்மைக்கு ராத்திரி ஒறக்கம் வராது. இப்போ ஒங்களுக்க பிளாக்க வாசிச்சு குடுக்கேன். மாத்திரை மிச்சம்" என்றாள் லிஜி.

வீட்டிலும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக எழுதியதை மனைவி அழகியநாயகிக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அந்த அம்மாள் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். நாஞ்சில் நாட்டில் யார் யாருக்கு மணியார்டர் அனுப்பினார், யார் அனுப்பாமல் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதெல்லாம் மனப்பாடம். கதை சொல்ல உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் கணவர் வாசிக்க ஆரம்பித்தால் இரண்டாவது 'மேற்படி'யில் தலை சாயும், மூன்றாவதில் குறட்டை வரும். கணபதியப்பனுக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். ஊர் தூங்கினால் தூங்கட்டும், தாலி கட்டியவளாவது ஒரு தடவை கடைசிவரை கேட்கக்கூடாதா என்று நினைப்பார்.

அந்தச் சமயத்தில் அவர் கையில் தாணுமாலயனின் வழக்கு இருந்தது. இராஜாக்கமங்கலம் பக்கத்து ஊர்க்காரர், மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். வீடு உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டுக்கு வரவேண்டுமென்றால் பெரியப்பா மகன் ஆறுமுகப்பெருமாளின் தென்னந்தோப்பு ஓரமாகத்தான் நடந்து வரவேண்டும். அப்பன் பாட்டன் காலத்து வழி. ஒரு நாள் காலையில் ஆறுமுகப்பெருமாள் அதன் குறுக்கே முள்வேலி போட்டார். தாணுமாலயன் கோர்ட்டுக்குப் போனார். கேஸ் நடந்துகொண்டே இருந்தது, குடும்பம் பாசனச் சானல் கரையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது.

இப்போது தாணுமாலயனின் மகள் அஸ்வதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணை அழைக்க வருகிற கார் வீட்டு வாசலுக்கு வரவேண்டாமா? பட்டுச்சேலையும் பூவுமாகப் பெண் சானல் கரைச் சகதியில் நடந்து போய்க் கார் ஏறினால் சம்பந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? தாணுமாலயன் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகச் சொன்னார். கணபதியப்பனும் அலையாய் அலைந்து, எதிர்க்கட்சி வக்கீலிடம் பேசி, அடுத்த சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாக முடித்துக்கொள்வது என்று கொண்டுவந்துவிட்டார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வினை வந்தது. 'வழிநடை உரிமையும் அதன் சட்டநிலையும்' என்ற கட்டுரையை அவர் வாசித்துக்கொண்டிருந்தார். அழகியநாயகி வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் 'மேற்படி ஆறுமுகப்பெருமாள்' என்று ஓர் இடம் வந்தது. அம்மாள் கண்ணைத் திறந்தார்.

"யாரு, தேரேகால்புதூர்ல பொண்ணெடுத்த ஆறுமுகப்பெருமாளா? அந்தப் போளிக் கேஸா?"

"போளியா? ஏட்டி, இது வழிக் கேஸு."

"நல்ல வழிக் கேஸு! தாணுமாலயனுக்க தங்கச்சி கல்யாணத்துல நான் அந்தப் பந்தியில இருந்தவளாக்கும். ரெண்டாம் பந்தி. போளி போட்டுக்கிட்டே வாறானுவ. ஆறுமுகப்பெருமாள் இலை வந்ததும் கூடை காலி. போளி மேலதானே பாயசம் ஊத்துவா? பாயசக்காரனுக்குப் போளி இருக்கா இல்லையான்னு என்ன தெரியும்? வெறும் இலையில ஊத்திட்டுப் போயிட்டான். அது ஓடி வேட்டியில சாடிச்சு. அதுக்குள்ள அடுத்த கூடை வந்துட்டு. ஆனா கூடை வந்தது மாப்பிள்ளை வீட்டுக்காரன் இருந்த வரிசைக்கு. இவரு எலைய மடக்காம அப்பிடியே எழும்பிப் போனாரு. மறுநாள் காலையில வேலி."

கணபதியப்பன் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. இத்தனை வருஷம் கட்டுக் கட்டாகச் சேர்ந்த காகிதத்தில் ஒரு வரியில்கூடப் போளி இல்லை. பிராதில் இல்லை, எதிருரையில் இல்லை, குறுக்கு விசாரணையில் இல்லை. தான் எழுதியதெல்லாம் ஏன் சப்பென்று இருந்தது என்பது அந்த நிமிஷம் அவருக்கு விளங்கியது. வழக்கு ஓரிடத்தில் இருக்க, அவர் வேறொரு இடத்தில் உட்கார்ந்து நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று சாயந்திரமே உட்கார்ந்து எழுதினார். மனைவி சொன்ன தோரணையில், சின்னச் சின்ன வாக்கியமாக. வலைப்பூவின் பெயரையும் 'வாய்தா' என்று மாற்றினார். ஆள் அடையாளம் தெரிந்துவிடக்கூடாது என்பதில் வெகு கவனம். தாணுமாலயனைச் சுப்பையா ஆக்கினார், ஆறுமுகப்பெருமாளுக்கும் வேறு பெயர் வைத்தார். ஊரைத் தோவாளைப் பக்கம் தள்ளினார். தென்னந்தோப்பை வாழைத் தோட்டம் ஆக்கினார். தங்கை கல்யாணம் அக்காள் கல்யாணம் ஆயிற்று. போளிக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. லட்டு என்று மாற்றலாமா என்று யோசித்தார். பால்பாயசத்தை லட்டின் மேல் ஊற்றி யாராவது பிசைவார்களா? அப்படி எழுத அவருடைய நாஞ்சில் நாட்டு நாக்கு ஒப்பவில்லை. போளியைப் போளியாகவே விட்டுவிட்டார். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், பந்தியில் பரிமாறியதை மாற்றலாமா? அது தர்மமா?

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மாவட்டம் பூராவும் வாட்ஸ்அப்பில் அதுதான் ஓடியது. கோர்ட் வாசல் டீக்கடையில் ரசவடை தின்றுகொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்து எழுந்து நின்று சிரித்தார்கள். குவைத்தில் இருக்கும் ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததாகக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். கணபதியப்பன் கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு நடந்த நடையே வேறாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை போன் வர ஆரம்பித்தது. சுசீந்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "எங்க வீட்டு விஷயத்த உமக்கு யாருவே சொன்னா?" என்று எடுத்த எடுப்பில் சத்தம் போட்டார். பூதப்பாண்டியிலிருந்து ஓர் அம்மாள் குரலைத் தாழ்த்தி, "வக்கீல் சார், எங்க சண்டை அவியல்ல வந்தது. அத வெளிய தெரியாம போளின்னு மாத்தி எழுதினீங்க பாருங்க, அந்தப் பெரிய மனசுக்கு நன்றி" என்றார். பந்தியில் மனஸ்தாபம் இல்லாத குடும்பம் இந்த ஜில்லாவில் இருந்தால்தானே.

இதையெல்லாம் கேட்டு அவர் ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது தாணுமாலயன் ஆபீஸுக்குள் நுழைந்தார். முகம் வெளிறியிருந்தது.

"கெடுத்துட்டீரே வேய் காரியத்த! ஆறுமுகப்பெருமாளண்ணன் பிரிண்ட் எடுத்து வச்சிருக்காரு. கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாதுன்னு நிக்காரு. அந்தப் பந்தியில முந்நூறு பேரு இருந்தான். பேர மாத்துனா எவனுக்குத் தெரியாது? இனி என் பிள்ள சானல் கரையிலதான் நடக்கணும்."

எப்போதும் 'நீங்க' என்று பேசுகிற மனுஷன் 'நீர்' என்று பேசியது கணபதியப்பனைச் சுட்டது. ஆனால் அதைவிடச் சுட்டது, அவர் சொன்னது முழுக்க நியாயம் என்பது. நாலு பேர் சிரிக்கவேண்டும் என்ற ஆசையில் ஒரு பெண்ணின் கல்யாண வாசலில் தானே வேலி போட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

பதிவை உடனே எடுத்துவிடும்படி லிஜியிடம் சொன்னார். "எடுத்தாச்சு சாரே. ஆனா எல்லாவனும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கான்" என்றாள் அவள். வீட்டுக்கு வந்தால் அழகியநாயகி, "எழுதச்சொல்லி நான் சொன்னேனா? ஒங்ககிட்ட சொன்னது வீட்டுக்குள்ள இருந்து சிரிக்கதுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மக்கள் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. விசாரித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்ட பெண்மணி. ஆறுமுகப்பெருமாள் வெளுத்த வேட்டியும் மடித்த தாளுமாக வந்து நின்றார். எழுபதை நெருங்கினாலும் கம்பாக நிற்கிற ஆள்.

"என்ன, சமாதானந்தானே?" என்றார் நீதிபதி.

"அதுக்கு முன்னால இதுக்கு ஒரு பதில் வேணும்மா" என்று தாளை விரித்தார் அவர். "இன்னா நிக்காரே, இந்த வக்கீலு எழுதினது. ஒரு போளிக்காக வேலி போட்டான்னு எழுதியிருக்காரு. நான் போளிக்கு அலையுத ஆளாம்மா? எனக்கு வீட்டுல தின்ன இல்லையா?"

நீதிபதி தாளை வாங்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். கணபதியப்பன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எழுதிய ஒன்றை நீதிமன்றத்தில் ஒருவர் கடைசி வரி வரை வாசிக்கிறார், அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

"சரி, போளிக்காக இல்லை. பின்னே எதுக்கு வேலி?"

ஆறுமுகப்பெருமாள் தாணுமாலயன் பக்கம் திரும்பினார். பிறகு குரல் இறங்கியது. "பந்தின்னா சாதனம் தீரும்மா. அது ஒரு குத்தமா? எங்க வீட்டுலயும் தீந்திருக்கு. இவன் எனக்க சித்தப்பா மவன். வெளம்புனது இவன்தான். கூடை காலியானது தெரிஞ்சதும் என் முகத்தப் பாத்தான், பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான். 'அண்ணே, போளி தீந்துட்டு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாயசத்தக் குடிச்சிட்டு எழும்பியிருப்பேன். இன்னா வரும், இன்னா வரும்னு நான் இலைக்கு முன்னால காத்துக்கிட்டு இருந்தேன். முந்நூறு பேரு பாக்க."

நீதிபதி தாணுமாலயனைப் பார்த்தார். "இப்பச் சொல்லலாமே" என்றார்.

தாணுமாலயன் முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், பரிமாறுகிறவன் கட்டுகிறமாதிரி. அண்ணன் முன்னால் குனிந்து, கை இரண்டையும் சேர்த்துச் சொன்னார்.

"அண்ணே, போளி தீந்துட்டு."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. ஆறுமுகப்பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி லேய், போ" என்றார். அந்த இடத்தில் வேலி விழுந்தது.

ஆனால் கையெழுத்துக்கு முன்னால் ஆறுமுகப்பெருமாள் ஒரு நிபந்தனை வைத்தார். அஸ்வதி கல்யாணப் பந்தியில் முதல் போளி தன் இலையில் விழவேண்டும், அதை ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். அது சட்டத்துக்கு விரோதமாக இல்லை என்றார் நீதிபதி. கணபதியப்பன் பேனாவை எடுத்தார். பழக்கதோஷம் விடுமா? 'மேற்படி முதல் கட்சிக்காரர் மேற்படி இரண்டாம் கட்சிக்காரருக்கு மேற்படி திருமணத்தின்பொருட்டு நடைபெறும் மேற்படி விருந்தில்' என்று எழுதி வாசிக்க ஆரம்பித்தார்.

"ஓய், நிறுத்தும்! இது என்ன எளவு?" என்றார் ஆறுமுகப்பெருமாள். "இத வாசிச்சா போளி எனக்கா இவனுக்கான்னே தெரியலயே. பிளாக்குல என்னக் கேலி பண்ணும்போ மட்டும் சின்னப்பிள்ளைக்கும் விளங்குத மாதிரி எழுதத் தெரிஞ்சுதுல்லா? அந்தக் கையால எழுதும்."

கணபதியப்பன் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். 'வேலி எடுக்கப்படும். வழி பொது. அஸ்வதியின் கல்யாணத்தில் முதல் போளி ஆறுமுகப்பெருமாள் இலைக்கு. இனி எந்த வீட்டுப் பந்தியிலும் ஏதாவது தீர்ந்தால், தீர்ந்தது என்று வாயால் சொல்லவேண்டும்.' இத்தனை முற்றுப்புள்ளி அவர் ஒரே நாளில் வைத்ததில்லை. எதிராளி எந்தச் சந்துக்குள்ளும் புகவில்லை. நேராக வந்து கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்தன்று கார் வாசல்வரை வந்தது. பிடுங்கிப்போட்ட முள்வேலியின் குழிகளை மண்போட்டு மூடி, மேலே கோலமே போட்டிருந்தார்கள். வடசேரி மண்டபத்தில் முதல் பந்தியில் ஆறுமுகப்பெருமாள் சம்மணம் போட்டு உட்கார, தாணுமாலயனே கூடையைத் தூக்கிவந்து முதல் போளியை வைத்தார். பார்க்க ஒரு கூட்டமே நின்றது. படம் எடுத்தவர்களும் உண்டு.

கணபதியப்பன் அந்தப் பந்தியில் உட்காரவில்லை. உட்காரவிட்டால்தானே? 'வாய்தா' வாசகர்கள் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு வழக்கு இருந்தது. புகழ்ச்சி கேட்டுக்கொண்டே நின்றவர், அழகியநாயகி வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகு இரண்டாம் பந்தியில்தான் உட்கார்ந்தார். பருப்பும் நெய்யும் ஆயிற்று. சாம்பார், புளிசேரி, ரசம் ஆயிற்று. போளிக் கூடை வந்தது. அழகியநாயகி இலையில் ஒன்று விழுந்தது. அடுத்த இலை கணபதியப்பனுடையது. பரிமாறுகிற பையன் கூடைக்குள் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான்.

பின்னாலேயே பாயசம் வந்து வெறும் இலையில் விழுந்தது. அது இலை நரம்போடு ஓடி அவர் மடியை நோக்கி வந்தது. இடது கையால் இலை ஓரத்தை மடித்து அணை கட்டினார். அடுத்த வரிசையில் எல்லாரும் போளியைப் பாயசத்தில் ஊறப்போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அவருக்குச் சூடு ஏறியது. யார் வீட்டுக் கல்யாணம் இது? யாரால் நடந்த கல்யாணம்? இந்தத் தாணுமாலயனுக்கும் தனக்கும் பொதுவில், வேலி போடுகிறமாதிரி ஏதாவது நிலம் இருக்கிறதா என்று மனசு ஊர் ஊராகத் தேடிப் பார்த்தது.

அப்போது இடுப்பில் துண்டோடு ஒருவர் பந்திக்குள் விறுவிறுவென்று வந்தார். ஆறுமுகப்பெருமாள். கணபதியப்பன் இலைக்கு முன்னால் குனிந்து, மண்டபம் கேட்கச் சொன்னார்.

"வக்கீலே, போளி தீந்துட்டு."

சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்தார். கணபதியப்பனுக்கு ஏறின சூடு அப்படியே இறங்கிப்போயிற்று. கோபம் போன இடத்தில் போளி ஆசை மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் பரிகாரம் எழுதவில்லை.

அழகியநாயகி தன் போளியை நடுவில் பிய்த்து, பாதியை அவருடைய பாயசத்தில் போட்டார்.

"இத எழுதுங்க. ஞாயித்துக்கிழமை வாசிச்சா நான் தூங்காம கேக்கேன்" என்றார்.